பழைய டாடா 407-இல் ஆயில் சேம்பர் கசிவு: பேக்கிங்கை நானே மாற்ற முடியுமா?

கேள்வி: என்னுடையது 1998 மாடல் டாடா 407. ஆயில் சேம்பர் (இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டி) ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கிறது, நிறுத்தும் இடத்தில் காலையில் எண்ணெய்ப் பொட்டு. போல்ட்டுகளை நன்றாக இறுக்கிவிட்டேன், நிற்கவில்லை. சேம்பருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வரும் பேக்கிங்கை வாங்கி வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். 1986-இல் வந்த டிசைன், கையும் ஸ்பேனரும் நம்பி வடிவமைத்த வண்டி. கஷ்டமான வேலை இல்லை, அழுக்கு வேலை. ஆனால் "இறுக்கியும் நிற்கவில்லை" என்கிறீர்கள். பெரும்பாலும் இறுக்கியதால்தான் நிற்கவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கசிவது சேம்பர்தானா என்று உறுதி செய்யுங்கள். இன்ஜினில் எங்கே ஒழுகினாலும் எண்ணெய் கடைசியில் வந்து தொங்கும் இடம் சேம்பர் விளிம்புதான். இன்ஜின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவர், ஆயில் ஃபில்டர், பிரஷர் ஸ்விட்ச் என்று சந்தேகப்பட நிறைய இருக்கிறது. கொஞ்சம் டீசல் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். ஈரம் இருப்பதிலேயே உயரமான இடம் எதுவோ, கசிவு அங்கே. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் பெல் ஹவுசிங் அடியிலிருந்து சொட்டினால் அது கிராங்க் பின்பக்க ஆயில் சீலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், வீட்டில் வேண்டாம்.

இன்னொன்று, பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டி சேம்பருக்குள் இறங்கும். இன்ஜின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயும் அடைத்திருந்தால் அந்தக் காற்று கிடைத்த சந்தில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் துள்ளினால் ரிங் வேலை காத்திருக்கிறது, எந்தப் பேக்கிங் போட்டாலும் சில மாதம்தான் தாங்கும்.

சரி, சேம்பர்தான் என்று தெரிந்துவிட்டது. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சேஸிஸுக்கு அடியிலேயே ஸ்டாண்ட் கொடுங்கள். அப்போது ஆக்சில் கீழே தொங்கும், சேம்பரை இறக்க இடம் கிடைக்கும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும்.

இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது எண்ணெயை வடியுங்கள். மூலைகளில் ஒவ்வொரு போல்ட்டை மட்டும் தளர்த்தி விட்டுவைத்து மற்றதை எல்லாம் கழற்றுங்கள். சேம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும், லேசில் வராது. பக்கவாட்டில் ரப்பர் சுத்தியால் தட்டி, சுவருக்குப் பட்டி பார்க்கும் மெல்லிய பிளேடை உள்ளே விட்டுப் பிரியுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் விளிம்பு நெளியும், சேம்பர் பொருந்தும் இன்ஜின் பிளாக் முகத்திலும் வெட்டு விழும்.

இறக்கியதும் அடியில் தங்கிய சகதியை விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு மசி சகஜம். செம்பு நிறத் துகள் மினுங்கினால் பேரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். சேம்பர் கழன்றிருக்கும்போதே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது. எண்ணெயை உறிஞ்சும் குழாய் முனையில் இருக்கும் ஸ்ட்ரெயினர் வலையையும் கழுவிவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். தகர சேம்பரின் விளிம்பைப் பாருங்கள். போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் துளையைச் சுற்றியுள்ள தகரம் பிளாக்கை நோக்கிக் குழிந்துவிடும். துளை இருக்கும் இடம் பேக்கிங்கைக் கடிக்கும், இரண்டு துளைக்கு நடுவில் இருக்கும் இடம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து விலகி நிற்கும். கசிவு அங்கேதான். மேலும் இறுக்கினால் மேலும் வளையும். இதைச் சரிசெய்யாமல் புதுப் பேக்கிங் போடுவது காசுக்குக் கேடு, ஆனால் பல பட்டறைகளில் அப்படித்தான் நடக்கிறது. விளிம்பை ஒரு கனமான இரும்புத் துண்டின் மேல் வைத்து, புடைத்த பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியால் ஒவ்வொரு துளையாகத் தட்டிச் சமன் செய்யுங்கள். ஒரு நேரான ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வேலையில் பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும்.

பிளாக் முகத்தில் பழைய பேக்கிங்கைச் சுரண்டி, தின்னர் துணியால் துடையுங்கள். எண்ணெய் மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அவசரம் இல்லையென்றால் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள்.

கார்க் பேக்கிங் கடையில் பல காலம் கிடந்து காய்ந்து சுருங்கியிருக்கும், துளைகள் பொருந்தாது. இழுக்காதீர்கள், கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் நீளும், துடைத்து உலர்த்திப் போடலாம். ரப்பர் கலந்த கார்க் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

"பேக்கிங்கே வேண்டாம், பேஸ்ட்டை நிறையத் தடவுங்க அண்ணே" என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிதுங்கும் சிலிக்கான் பாதி வெளியே வரும், பாதி உள்ளே போகும். உள்ளே போனது பிய்ந்து ஸ்ட்ரெயினரை அடைத்தால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. பேக்கிங்கைச் சேம்பரோடு ஒட்ட மெல்லிய பூச்சு போதும், பிளாக் பக்கம் எதுவும் வேண்டாம். முன்னால் டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் மூட்டிலும், பின்னால் கடைசி பேரிங் கேப் ஓரத்திலும் மட்டும் ஒரு சொட்டு வையுங்கள்.

எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். மேனுவலில் டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்கு) இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் சின்ன ரிங் ஸ்பேனரைத் தலைப்பக்கம் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். பேக்கிங் லேசாக அமுங்குவது தெரியும், பிதுங்கக் கூடாது. எண்ணெய் வடிக்கும் டிரெயின் நட்டுக்குப் புது காப்பர் வாஷர் போடுங்கள்.

பேஸ்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காய விட்டு, புது ஃபில்டரோடு 15டபிள்யூ-40 எண்ணெய் ஊற்றி, டிப்ஸ்டிக் பாருங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் லைட் அணையும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். சில ஓட்டத்துக்குப் பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். தளர்ந்ததை மட்டும் இறுக்கினால் போதும், மற்றதில் ஸ்பேனரே வைக்க வேண்டாம்.