இரண்டாவது பாட்டிலேயே தீர்ப்பு

கேள்வி: எங்கள் ரஹ்மான் ரசிகர் கூட்டம் மொத்தம் பதினோரு பேர். புது ஆல்பம் வெளியான அன்று இரவே செம்பூரில் என் வீட்டில் கூடி, புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, பழைய ரஹ்மான் போய்விட்டார். மறைக்காமல் சொன்னேன். என் மச்சான் "உனக்கு ஞானம் கிடையாது, அவர் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். என்னோடு சேர்த்து இந்தப் பக்கம் ஆறு பேர், அவரோடு சேர்த்து அந்தப் பக்கம் ஐந்து பேர். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்கு மாட்டுங்கா ராம நாயக்கில் இலைச் சாப்பாடு வாங்கித் தருவதாகப் பந்தயம். நீங்கள்தான் நடுவர். நல்ல பாட்டு என்றால் முதல் தடவையிலேயே தெரிந்துவிடாதா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், செம்பூர், மும்பை

பதில்: ஆல்பத்தின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து வெட்டிவிட்டேன். இடம் பற்றாமல் அல்ல. வெட்டிவிட்டுப் படித்தால் "பழைய ரஹ்மான் போய்விட்டார்" என்பது அவருடைய எந்த வருடத்து ஆல்பத்துக்கும் பொருந்துகிறது. 1995இல் 'ரங்கீலா' வந்தபோது சயான் கோலிவாடாவில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்து இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். 'ரோஜா' வந்தது 1992இல். ஆக, நான் இரங்கல் தெரிவித்தபோது பழைய ரஹ்மானுக்கு வயது மூன்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இந்தியில் அவர் நேரடியாக இசையமைத்த முதல் படம் அது. ஆபீஸில் பக்கத்து மேசை மராத்திக்காரர் அதிலிருந்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஃபைல் கட்டினார். எனக்கு எரிச்சல். மூன்று வருடமாக "எங்க ஊர்க்காரர்" என்று நான் மட்டும் பொத்தி வைத்திருந்ததை, என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்று. அந்த எரிச்சலுக்கு நான் வைத்த பெயர்தான் "பழைய ரஹ்மான் போய்விட்டார்". இசையைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதிலும் தேடிப் பார்த்தேன். எந்தப் பாட்டில் எந்த இடம் சறுக்கியது, மெட்டா, குரலா, வரிகளா என்று ஒன்றும் காணோம். யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன திருப்பிச் சொன்னீர்கள் என்பது மட்டும் வசனம் வசனமாக இருக்கிறது.

(எங்கள் அப்பா விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து ஆள். 'ரோஜா' கேசட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். அவரும் முதல் தடவையிலேயே தெரிந்துகொண்டவர்தான்.)

கேசட்டைச் சொன்னதும் ஒரு விஷயம். அந்தக் காலத்து ரசிகனுக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்று ஒரு கடை இருந்தது, 2016இல் மூடிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க அங்கே சின்னச் சின்ன அறைகள் உண்டு. உள்ளே போய் ஒரு பாட்டின் தலையையும் அடுத்த பாட்டின் வாலையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கியபடி வெளியே வருவோம். அவசரம் அப்போதும் இதே அவசரம்தான். ஆனால் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவசரப்பட வழியில்லாமல் போய்விடும். பிடிக்காத பாட்டைத் தாண்டுவதற்கு எழுந்துபோய் பட்டனை அமுக்கி, குத்துமதிப்பாக நிறுத்தி, தப்பான இடத்தில் நின்று, மறுபடி பின்னால் ஓட்ட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு எல்லாப் பாட்டையும் கேட்டோம். பி சைடில் மூன்றாவதாக இருந்த, யாருக்கும் வேண்டாத பாட்டு, ஆறு மாதம் கழித்து நம் பாட்டாகியிருக்கும். இதில் ரசனைக்குப் பங்கு கொஞ்சம், சோம்பேறித்தனத்துக்குப் பங்கு அதிகம். இன்றைக்குக் கட்டைவிரலை அரை அங்குலம் நகர்த்தினால் போதும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி ஓடவிட்டாலே 'கேட்டதாக'க் கணக்கு. அந்தக் கணக்குப்படி நீங்கள் ஆல்பத்தை நன்றாகவே கேட்டிருக்கிறீர்கள்.

எதில் கேட்டீர்கள் என்பதையும் பார்ப்போம். பதினோரு பேர், ஒரு கூடம், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரால் கீழ் ஸ்வரங்களுக்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள முடியாது. பாஸ் கிட்டாரின் அடி ஓசை அதில் பாதி வராது; மேலே வரும் கிளை ஓசைகளை வைத்து நம் காதுதான் மீதியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. மெட்டு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் பாட்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ரஹ்மான் பாட்டின் கட்டுமானம் வேறு. மேலே ஒரு குரல் போய்க்கொண்டிருக்கும்போது கீழே பாஸ் தனக்கென்று ஒரு வழியில் நடக்கும். நடுவில் இன்னொரு குரல் வரும், அது பாட்டா வெறும் முனகலா என்று நாலாவது தடவைதான் பிடிபடும். கோடம்பாக்கத்துப் பஞ்சதன் ஸ்டுடியோவில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடுக்குவது அவர் வழக்கம். அந்த அடுக்கில் மேல் தட்டை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கும் மேலே பத்துப் பேரின் பேச்சைப் போட்டுக்கொண்டு தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் படித்ததும் உங்கள் மச்சான் இலை போடச் சொல்லிக் கிளம்பிவிட வேண்டாம். அடுத்தது அவருக்குத்தான்.

"கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்" என்பது உண்மை. அதில் சிக்கல் என்னவென்றால், அது எல்லாவற்றுக்கும் உண்மை. அமெரிக்க உளவியலாளர் ஒருவர், ராபர்ட் ஸயன்ஸ் (ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் என்னென்னவோ வரும், உச்சரிப்பு ஏறக்குறைய 'சயின்ஸ்'தான்), 1968இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பொருளே இல்லாத சொற்களையும் சீன எழுத்து மாதிரி இருக்கும் கிறுக்கல்களையும் ஆட்களிடம் காட்டினார். சிலவற்றை ஒரு தடவை, சிலவற்றை ஐந்து, பத்து, இருபத்தைந்து தடவை. அதிகத் தடவை பார்த்ததற்கு நல்ல அர்த்தம்தான் இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அர்த்தமே கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? கணபதி வைத்த பத்து நாளும் தெரு மண்டல் (விழாக் குழு) ஒலிபெருக்கியில் அலறிய பாட்டைப் பதினோராம் நாள் காலை பல் விளக்கும்போது நாமே பாடவில்லையா? அது மகத்தான பாட்டு என்றா பாடினோம்? இருபது தடவை கேட்டதும் மச்சானுக்குப் பிடித்துப்போனால், இருபது தடவை கேட்டார் என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது.

பழக்கம் எல்லா இடத்திலும் கைகொடுப்பதும் இல்லை. 2010ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் ரஹ்மான் இரண்டு விழாப் பாட்டுகள் செய்தார். கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்குக் கருணாநிதி எழுதிய 'செம்மொழியான தமிழ்மொழியாம்' ஒன்று. டெல்லி காமன்வெல்த் போட்டிக்கான பாட்டு இன்னொன்று. இரண்டுக்கும் முதல் நாள் அடி விழுந்தது. செம்மொழிப் பாட்டில் டி.எம்.எஸ்., சுசீலாவில் தொடங்கி எத்தனை குரல்கள், எத்தனை பாணிகள்! ஒரு பாட்டா, பத்துப் பாட்டின் ஒட்டா என்றார்கள். நானும் சொன்னேன். டெல்லிப் பாட்டை, அதே வருடம் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஷகிரா பாடிய பாட்டோடு வைத்துப் பார்த்து, உப்புச் சப்பில்லை என்றார்கள். ரஹ்மானே அதில் மாற்றம் செய்தார். அக்டோபர் 3ஆம் தேதி தொடக்க விழாவிலும் பாடினார். இப்போது மச்சானைக் கேளுங்கள்: டெல்லிப் பாட்டின் இரண்டாவது வரி என்ன? செம்மொழிப் பாட்டுக்கோ இந்த மும்பையில் தமிழ்ப் பிள்ளைகளின் ஆண்டு விழாவில் இன்றும் ஆடுகிறார்கள், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கூடவே வாயசைக்கிறேன். ஒரே ஆள், ஒரே வருடம், ஒரே மாதிரி முதல் நாள் வசவு. ஒன்றில் வசைபாடியவர்கள் தோற்றார்கள், இன்னொன்றில் ஜெயித்தார்கள். முதல் நாளில் இரண்டையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லை.

கிட்டத்தில் நடந்ததும் ஒன்று உண்டு. 2025 மே மாதம் ரஹ்மான் இசையமைத்த 'தக் லைஃப்' படத்தின் இசை வெளியீட்டு விழா. ஆல்பத்தில் 'முத்த மழை' பாட்டைப் பாடியவர் தீ. மேடையில் அவருக்குப் பதிலாகச் சின்மயி பாடினார். அந்த வீடியோ பரவியதும் ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. பிறகு சின்மயி பாடியதையும் தனியாக வெளியிட்டார்கள். எனக்குச் சுவாரசியமாக இருந்தது அந்தச் சண்டையின் வெற்றி தோல்வி அல்ல. எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் சண்டை போடுவதற்கு ஆதாரம் தேடி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். ஒரு குரல் ஒரு சொல்லை எங்கே இழுக்கிறது, இன்னொரு குரல் அதே சொல்லை எங்கே விட்டுவிடுகிறது என்றெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். பாட்டைப் பற்றி அவர்கள் பேசி அன்றுதான் நான் பார்த்தேன். அதில் ஒருவர் வந்த பக்கம் ஒன்று, போன பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் என்று எழுதினால் எனக்கு வரும் கடிதங்களைப் பிரிக்க ஆள் போட வேண்டியிருக்கும்.

முதல் தடவையிலேயே தெரிந்துவிடாதா என்று கேட்டீர்கள். சில பாட்டில் தெரியும். சிலவற்றில் நமக்கு என்ன வேண்டியிருந்தது என்பதுதான் தெரியும். ஆறு மாதமாகக் காத்திருந்து, மனதுக்குள் ஒரு ஆல்பத்தை நாமே இசையமைத்து முடித்துவிட்டு, வந்தது அதுவாக இல்லை என்றதும் கோபித்துக்கொள்கிறோம். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு வாரம் அதைப் போடவே போடாதீர்கள். ஆபீஸ் போகும்போது சுனாபட்டிக்கும் ஜி.டி.பி. நகருக்கும் நடுவே லோக்கல் ரயில் காரணமில்லாமல் நிற்குமே, அப்போது காதில் எதுவும் மாட்டாமல் நில்லுங்கள். ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒரு துண்டு தானாக வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரவில்லையா, மச்சானிடம் சொல்லுங்கள், இந்தத் தடவை தைரியமாக.

பந்தயம் செல்லாது. ஐந்து பேரும் தோற்கவில்லை, ஆறு பேரும் ஜெயிக்கவில்லை. பில்லைப் பதினொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் காலத்திலும் பேனாவால் எழுதி அனுப்பியதற்கு நன்றி. பேனாவில் எழுதினால் அடித்ததும் தெரியும். இரண்டாம் பக்கத்தில் மூன்று வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிகிறது. நீங்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது ஐந்தாவது பாட்டு ஓடியிருக்கிறது. உங்கள் அம்மா கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து, "இது என்னப்பா, நல்லா இருக்கே, மறுபடி போடு" என்றிருக்கிறார். யாரும் போடவில்லை என்று எழுதி, அப்புறம் அதையும் அடித்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு அந்தப் பாட்டை இன்னும் போட்டுக் காட்டவில்லை என்றால் இன்றைக்குப் போட்டுவிட்டு, எனக்கு எழுதுங்கள்.