கோடையில் எடுத்த கணக்கு

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை கிராமம் எங்களுடையது. வேளாண் படிப்பு முடித்துவிட்டு அப்பாவோடு வெள்ளாமை பார்க்கிறேன். ஒரு திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், எங்கள் வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், என்னென்ன பறவை இறங்கும் என்று எழுந்து சொன்னேன். மேடையில் இருந்த ஆலோசகர், "இது நீங்க சொல்றது தம்பி, சயின்ஸ் இல்லையே" என்று முடித்துவிட்டார். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் எது அறிவியல் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்களாம். நமக்கும் அப்படி ஒன்று இருந்தால் அவர் இப்படிப் பேசியிருக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பேசியிருக்க முடியும். அதுதான் சங்கடம்.

நீங்கள் சொல்வது வாஷிங்டன் மாநிலம் (தலைநகரம் இல்லை, பசிபிக் ஓரத்தில் இருப்பது). அங்கே 1990-இல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தில் 1995-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஈரநிலம், நிலத்தடி நீர் ஊறும் இடம், அடிக்கடி வெள்ளம் பாயும் இடம், மண் சரியும் இடம், மீனும் காட்டுயிரும் வாழும் இடம் இவற்றுக்கு உள்ளாட்சிகள் விதி போடும்போது, கிடைப்பதிலேயே சிறந்த அறிவியலைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சால்மன் மாதிரி கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் மீன்களுக்குத் தனிக் கவனம். எது அறிவியல் என்பதற்கும் விதிகளில் அளவுகோல் இருக்கிறது: இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும்படி முறை எழுதப்பட்டிருக்கிறதா, அதே துறைக்காரர்கள் சரிபார்த்தார்களா, தரவிலிருந்துதான் முடிவு வந்ததா, இப்படி. ஆனால் அதே விதிகள், தனி ஆள் அனுபவம், துறை சாராதவர் கருத்து, கேள்விப்பட்டது இதெல்லாம் அறிவியல் ஆகாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அறிவியல் இருக்கும் இடத்தில் அதற்கு மாற்றாக வைக்க முடியாது என்றும் சொல்கின்றன. நீங்கள் அங்கே போய்ப் பேசியிருந்தாலும் ஏறக்குறைய இதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாக.

எனக்கு அதில் பிடித்தது வேறு இரண்டு. அறிவியல் சொல்வதை விட்டு விலகி முடிவெடுத்தால் ஏன் விலகினோம் என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும். போதுமான ஆய்வு இல்லையென்றால், இல்லாததையே சாக்காக வைத்து அனுமதி கொடுத்துவிடக் கூடாது, எச்சரிக்கையான பக்கம் சாய வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் 1996-இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் முன்னெச்சரிக்கைக் கொள்கையை ஏற்று, கேடு வராது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது. கொள்கை இருக்கிறது, கூட்ட மேடை வரைக்கும் வரவில்லை.

சரி, அந்த ஆலோசகரின் சயின்ஸுக்கு வருவோம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கான களத் தரவு பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழைக்காலம் தவிர்த்த பருவத்தில் எடுக்கப்படுவது. எடுப்பவருக்குச் சம்பளம் தருவது திட்டத்தைக் கொண்டுவருபவர். பங்குனி முதல் வைகாசி வரை நம் வயல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடியிருப்பார்கள். உளுந்து பறித்தாகிவிட்டது, களிமண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது, ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். அந்த நேரம் வந்து எண்ணுகிறவருக்கு ஆடும் காக்கையும்தான் கிடைக்கும், அவர் பொய் எழுதவே வேண்டியதில்லை. ஐப்பசியில் அதே வரப்பில் நின்றால் வயல் எது வடிகால் எது என்று தெரியாது, நத்தைகுத்தி நாரை வரிசையாக நின்று நத்தை உடைத்துக்கொண்டிருக்கும். முறை சரி, எண் சரி, மாதம் மட்டும் தப்பு.

இன்னொரு கூத்து. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளில் ஈரநிலம் என்ற சொல்லின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆறு ஓடும் தடம், நெல் வயல், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலை எல்லாம் அதில் சேராது. டெல்டாவில் அப்புறம் என்ன மிச்சம்? வடுவூர் ஏரியும் பாசன ஏரிதான், அது 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டது. பக்கத்து வயல் ஏறாது. 2020-இல் டெல்டாவுக்கென்று தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இந்த ஆராய்ச்சிக்குள்ளேயே போகாமல், புதிதாக எண்ணெய் எரிவாயு எடுப்பது, தோல் பதனிடுவது, செம்பு உருக்குவது என்று பட்டியல் போட்டுத் தடுக்கிறது. ஒரு வகையில் அதுவே தேவலை.

உங்களுடையது மாதிரி வாய்ப்பேச்சு அறிவியல் ஆன கதை ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இறால் பண்ணைகளால் கிணறு கரிக்கிறது, நிலம் உப்பாகிறது என்று கடலோர மக்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அறிக்கை ஊர் சொன்னதையே சொன்னது. 1996 டிசம்பர் 11-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றத் தீர்ப்பு. (2005-இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

வாஷிங்டன் விதிகளில் ஒரு வரி உங்களுக்கு உதவும்: ஒரே விஷயத்தை விட்டுவிடாமல் அவ்வப்போது அளந்து பதிந்து வருவதும் அறிவியல் தகவலின் ஒரு வகை, முறை ஒழுங்காக இருந்தால். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஞ்சாங்க ஓரத்தில் பென்சிலால் குறிப்பார்: "கடைமடைக்குத் தண்ணி வந்தது", "மதகுத் தார்க்கோட்டுக்கு மேல் இரண்டு விரல்", "போர் கரிக்குது". வருஷம் தவறாமல் தேதியோடு. சுவரில் தார்க்கோடு போட்டதும் அவர்தான்.

நான் அந்தப் பஞ்சாங்கங்களைப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு விரல் எத்தனை சென்டிமீட்டர் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு, அவர் விரல் கொஞ்சம் தடிமன். உங்கள் ஊரில் எந்த மதகு, எந்தக் கிணறு என்று எழுதுங்கள். புரட்டாசிக்குள் ஒரு நாள் ஸ்கேலோடு வருகிறேன்.