பெரிய ஏரியில் அரைநாள் தூண்டில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வருகிற ஆகஸ்ட் மாதம் நானும் மனைவியும் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் செல்கிறோம். ஒன்ராறியோ ஏரியின் குயின்ரி விரிகுடாவில் ஒரு வழிகாட்டியின் படகை அரைநாளுக்கு ஒழுங்குசெய்து, வோல்-ஐ மீன் பிடிக்கக் கூட்டிச்செல்வதாக மருமகன் சொல்கிறார். எனக்கு வயது 68; நீரிழிவு உண்டு. சிறுவயதில் ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டதோடு சரி. நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு பணம் கொடுப்பது தகுமா? அனுமதிப்பத்திரம் தேவையா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், ஐயா. அரைநாள் போதுமா என்று யோசிப்பதைவிட, எந்த அரைநாள் என்று மருமகனிடம் கேளுங்கள். இந்த மீனைப் பொறுத்தவரை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

வோல்-ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இருட்டில் பூனையின் கண் மின்னுவதற்குக் காரணமான அதே வகைப் படலந்தான் அது. மங்கிய வெளிச்சத்தில் சிறுமீன்கள் தடுமாறும்போது இதற்கு நன்றாகக் கண் தெரிவதால், விடியலிலும் அந்தியிலும், மேகம் மூடிக் காற்றில் நீர்ப்பரப்பு சற்றே கலைந்திருக்கும் வேளைகளிலும் அது துணிந்து இரை தேடுகிறது. வெயில் ஏறியதும் ஆழத்துக்கோ நீர்ப்பாசிக் காடுகளின் நிழலுக்கோ ஒதுங்கிவிடுகிறது. 1980களின் இறுதியில், கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி வந்த நீரோடு வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்த ஸீப்ரா மட்டி என்ற சிறு சிப்பியினம் நீரை ஓயாமல் வடிகட்டித் தெளிவாக்கிவிட்டது. குயின்ரி விரிகுடாவிலும் இதுவே நடந்தது. தெளிந்த நீரில் வெயில் ஆழமாக இறங்குவதால் பாசி செழித்தது. மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கும் நேரமும் கூடிற்று. ஆகவே காலை பத்து மணிக்குத் தொடங்கி பிற்பகல் இரண்டு மணிக்கு முடியும் பயணத்துக்கு, மலிவாகக் கிடைத்தாலும், ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுகிறது. அங்கே ஆகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் உதித்து, இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின்பே மறையும். மாலைப் பயணம் என்றால் நாலரை மணிக்குப் புறப்பட்டு இருட்டும்வரை நிற்பதுதான் பொருத்தம். ஆனால் உங்களுக்கு நான் விடியற்காலையையே பரிந்துரைப்பேன். பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும் வேளை அது. தவிர, கோடையில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஒன்பதரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், போய்ச் சேர்ந்த முதல் சில நாள்களில் உங்களுக்கு எப்படியும் வைகறையிலேயே விழிப்பு வந்துவிடும். ரொறன்ரோவிலிருந்து விரிகுடாக் கரையிலுள்ள பெல்வில் நகருக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதால், முதல்நாள் இரவே அங்கே தங்கிவிடுவது நல்லது.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் படகுக்கும் தூண்டிலுக்கும் மட்டுமல்ல. நேற்று எந்தப் பாசித் திட்டின் விளிம்பில், எத்தனை மீற்றர் ஆழத்தில் மீன் நின்றது, இன்று காற்றுத் திசை மாறியதால் அது எங்கே நகர்ந்திருக்கும் என்ற அறிவுக்குத்தான் பெரும்பங்கு. புதியவர்கள் தாங்களாகவே படகை வாடகைக்கு எடுத்தால் அந்த நாலு மணி நேரமும் இடம் தேடுவதிலேயே கழிந்துவிடும். வழிகாட்டி, நீருக்கடியில் இருப்பதை ஒலியலையால் காட்டும் சோனார்த் திரையைப் பார்த்தபடி படகை மெல்லச் செலுத்தி, மீன் வடிவிலான பொய்யிரைகளைப் பின்னால் இழுத்து வரலாம். அல்லது ஓரிடத்தில் நிறுத்தி, ஈயத்தலை வைத்த ஜிக் தூண்டிலில் மண்புழுவையோ அட்டையையோ கோத்து உங்கள் கையில் தரலாம். கேட்க முடிந்தால் இரண்டாவதைக் கேளுங்கள். ஈயம் அடியைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, நூல் தளராமல் மெதுவாக இறக்க வேண்டும். இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடிக்கும். கையில் ‘டொக்’ என்று ஒரே ஒரு தட்டு. சில வேளை அதுவும் இல்லாமல், ஈரத்துணி மாட்டியது போன்ற பாரம் மட்டும். ஊர்க் குளத்தில் மிதப்புக்கட்டை தாழ்வதைப் பார்த்து இழுத்துப் பழகியவர்கள் இங்கே கண்ணை விட்டுவிட்டு விரல்நுனியை நம்ப வேண்டும்.

மீன் படகுக்கு வந்ததும் கையை நீட்டாதீர்கள். முதுகின் முன்துடுப்பு முழுவதும் முள். செவுள்மூடியின் ஓரம் கூர்மையானது. வாயில் கோரைப்பற்கள் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கையில் சிறு கீறலும் வேண்டாத தொல்லை. வழிகாட்டியே தூண்டிலைக் கழற்றட்டும். வாலின் கீழ் நுனியைப் பாருங்கள். அங்கே வெண்ணிறத் திட்டு தெரிந்தால், வந்திருப்பது வோல்-ஐதான்.

அனுமதிப்பத்திரம் கட்டாயம் தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஒன்ராறியோ மாகாணத்தில் விலக்கு உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டிலிருந்து செல்லும் நீங்கள் எந்த வயதிலும் அதை வாங்க வேண்டும். ஒரு நாளுக்கான பத்திரம் உங்களுக்குப் போதும்; மாகாண அரசின் இணையத்தளத்திலேயே கிடைக்கும். படகுக் கட்டணத்தில் இது பொதுவாகச் சேராது. உங்கள் மனைவி தூண்டிலைத் தொடாமல் கூட வந்து பார்ப்பதற்குப் பத்திரம் வேண்டியதில்லை. ஒரு நிமிடம் வாங்கிப் பிடிப்பதானாலும் வேண்டும்.

அரைநாள் பயணத்துக்கு வரும் படகுகள் பெரும்பாலும் திறந்தவை, மலசலகூடம் இருக்காது. வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். இடையில் கரைக்கு வந்துபோகச் சம்மதிப்பவரைத் தெரிவு செய்யுங்கள். முதுகைச் சாய்த்து உட்காரக்கூடிய இருக்கை உண்டா என்பதையும் விசாரியுங்கள். மருந்து நேரத்துக்கு ஏற்ற உணவும், சீனி இறங்கினால் உடனே வாயில் போட ஏதேனும் இனிப்பும் கைப்பையில் இருக்கட்டும். ஆகஸ்ட் என்றாலும் விடியலில் ஓடும் படகில் குளிர் எலும்பைத் தொடும். நுவரெலியாவுக்கு எடுத்துச்செல்லும் சுவெற்றரின்மேல் காற்றுப் புகாத ஒரு மேலங்கியும் வேண்டும். உயிர்காப்பு அங்கியை இருக்கையில் வைக்காமல் உடலில் அணிந்திருங்கள். இடி மின்னலுக்கோ பலத்த காற்றுக்கோ வழிகாட்டி பயணத்தை நிறுத்தினால் வாதாட வேண்டாம். அப்படி நின்றால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்பதை முற்பணம் கட்டும்போதே பேசிவிடுங்கள். இறுதியில் அன்பளிப்பாகக் கட்டணத்தில் 15 முதல் 20 வீதம் கொடுப்பது அங்குள்ள வழக்கம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குயின்ரி விரிகுடாவில் பத்து இறாத்தலுக்கு மேற்பட்ட மீன்களோடு தம்பி நிற்கும் படங்களை அனுப்பியிருக்கிறார். நாங்கள் ஜூலையில் போகிறோம். எங்களுக்கும் அப்படிக் கிடைக்குமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: படங்களில் தம்பி தடித்த குளிரங்கி அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அங்கே பெரிய மீன்கள் வசந்தத்தில் முட்டையிட்டபின் விரிகுடாவை விட்டு ஒன்ராறியோ ஏரியின் குளிர்ந்த ஆழங்களுக்குப் போய்விட்டு, இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில்தான் திரும்பி வருகின்றன. ஜூலையில் விரிகுடாவுக்குள் தங்கியிருப்பவை பெரும்பாலும் சிறியவை. கறிக்கு அவையே நல்லவை என்பதால் ஏமாற்றம் வேண்டாம். பெரியதுதான் வேண்டுமென்றால் திறந்த ஏரிக்குச் செல்லும் பெரிய படகைத் தேடுங்கள். ஈரி ஏரியிலும் கோடையில் மேற்குப் பகுதி மீன்களில் ஒரு பகுதி குளிர்ந்த நீரை நாடிக் கிழக்கே வருவதால், ரொறன்ரோவிலிருந்து எட்டக்கூடிய போர்ட் கோல்போன் பக்கம் ஜூலை நல்ல மாதம். ஆனால் அந்த ஏரி இலங்கையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது; ஆழம் குறைவானது என்பதால் காற்றெழுந்தால் அலை விரைவாகச் செங்குத்தாகும். தலைசுற்றல் வருபவர்கள் விரிகுடாவோடு நின்றுகொள்ளலாம்.

கேள்வி: விடுமுறையில் ஒன்ராறியோவிலுள்ள அண்ணா வீட்டுக்குப் போகிறோம். அண்ணா பிடித்துவரும் ‘பிக்கரல்’ மீனை என் ஐந்து வயது மகளுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: பிக்கரல் என்று ஒன்ராறியோவில் சொல்வதும் வோல்-ஐயைத்தான். வெண்சதை, மென்மையான சுவை. சதையை ஒழுங்காக வெட்டியெடுத்தால் முள் தொல்லை குறைவு. ஆனால் பிற மீன்களைத் தின்று வாழும் மீன் என்பதால், அது வளர வளர உடலில் பாதரசம் சேர்கிறது. எந்த நீர்நிலையில், எவ்வளவு நீளமான மீனை, மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு அட்டவணை வெளியிடுகிறது; சிறுவர்களுக்கும் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கும் அதில் தனி வரிசை உண்டு. மீன் பிடித்த இடத்தையும் அளந்த நீளத்தையும் அண்ணாவிடம் கேட்டு, அந்த வரிசையைப் பார்த்துக் கொடுங்கள். சிறிய மீனை மகளுக்கு வையுங்கள். பெரியதை உயிரோடு ஏரிக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். முட்டையிடும் பெரிய பெண்மீன்களைக் காப்பது ஏரிக்கும் நல்லது. ஒன்ராறியோ ஏரியும் குயின்ரி விரிகுடாவும் அடங்கும் வலயத்தில், முழு அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய 4 வோல்-ஐ மீன்களில் 63 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது ஒன்றே இருக்கலாம் என்று விதியும் இருக்கிறது.