கமிட் ஆன தரவு எங்கே இருக்கிறது?

ஆரக்கிள் தரவுத்தளத்தில் கமிட் செய்ததும் (மாற்றத்தை உறுதி செய்ததும்) தரவு டேட்டாஃபைலுக்கு, அதாவது வட்டில் அது நிரந்தரமாக இருக்கும் கோப்புக்கு, உடனே போகாது என்றால், அந்த நேரம் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, இதைப் பிடித்துக்கொண்டால் பாதி கட்டமைப்பு புரிந்துவிடும்.

மாறிய பிளாக் (தரவு வைக்கும் சிறு துண்டு) நினைவகத்தின் பஃபர் கேஷ் என்ற தற்காலிகப் பகுதியில்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்றத்தின் குறிப்பை எல்ஜிடபிள்யூஆர் (LGWR) என்ற பின்னணி நிரல், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ரீடோ லாக் கோப்பில் எழுதி முடித்த பிறகே "கமிட் ஆயிற்று" என்று பதில் வரும். டேட்டாஃபைலில் எழுதுவது டிபிடபிள்யூஆர் (DBWR) என்ற இன்னொரு பின்னணி நிரலின் வேலை, அது பின்னால் நிதானமாக நடக்கும். மின்சாரம் போய்த் திரும்ப இயக்கும்போது எஸ்மான் (SMON) என்ற பின்னணி நிரல் ரீடோவைப் படித்து மாற்றங்களை மறுபடி செய்யும். அப்புறம் கமிட் ஆகாதவற்றை பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அண்டூ கொண்டு நீக்கும்.

சோதனைக் கணினியில் மட்டும், ஒரு வரிசையைச் சேர்த்து கமிட் செய்து, தரவுத்தளத்தைத் திடீரென நிறுத்தும் ஷட்டவுன் அபார்ட் கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டப் ஆகும்போது நிகழ்வுகளும் பிழைகளும் பதிவாகும் அலர்ட் லாகை அவசியம் படியுங்கள்.