மாதச் சாமானில் எதைக் குறைப்பது?

கேள்வி: அக்கா, தோட்டத்தை விட்டு வெளியேறி இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் வேலை. போன மாதம் அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "சாப்பாட்டை மாற்றுங்கள்" என்றார் நர்ஸ். சூப்பர்மார்க்கெட்டில் ஆர்கானிக் அரிசி, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான். மாதச் சாமானுக்கு 600 வெள்ளிக்கு மேல் முடியாது. என்ன வாங்குவது?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அந்த அலமாரிப் பக்கமே போக வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் சாம்பார் தாளிக்கச் சொல்லி எந்த நர்ஸும் சொல்லியிருக்க மாட்டார். அந்த 600 வெள்ளியில் சீனிக்குப் போகிற பங்கை மீனுக்கும் கீரைக்கும் திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

போன மாத ரசீதை எடுங்கள். கடையில் 555 புத்தகத்தில் கணக்கு வைத்திருந்தால் அதையும் எடுங்கள். கிரீமர் டின், த்ரீ-இன்-ஒன் காப்பி, மால்ட் பானத்தூள், கோர்டியல், பிஸ்கட், மீ பாக்கெட் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போட்டுக் கூட்டிப் பாருங்கள். அரிசிச் செலவை அது தாண்டியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

அப்புறம் அந்தக் கிரீமர் டின்னைத் திருப்பிப் பாருங்கள். பால் என்று நினைத்துத்தான் தேநீரில் ஊற்றுகிறோம். பட்டியலில் சீனியும் செம்பனை எண்ணெயும் முன்னால் நிற்கும்; பால் சேர்ந்தது பின்னால் கொஞ்சம் வரும். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதனால் 'கூலா', அதாவது சீனி, முதல் மூன்று பெயர்களுக்குள் இருந்தால் அந்தப் பொருள் மாதச் சாமானில் வேண்டாம். பானம் என்றால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சீனி என்று பாருங்கள். 10 கிராம் என்று போட்டிருந்தால் 500 மில்லி போத்தலில் 50 கிராம், ஏறக்குறைய 10 தேக்கரண்டி. 2019 ஜூலை முதல் அரசாங்கம் சீனிப் பானங்களுக்கு வரி போடுகிறது. பெரும்பாலான பானங்களுக்கு அதற்கு வைத்த கோடு 100 மில்லிக்கு 5 கிராம். உங்கள் வீட்டுக்கும் அதே கோட்டை வைத்துக்கொள்ளலாம்.

'பிலிஹான் லெபே சிஹாட்' (கூடுதல் ஆரோக்கியமான தேர்வு) என்ற முத்திரையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதே வகைப் பொருள்களில் இது கொஞ்சம் தேவலை என்பதுதான் அதற்கு அர்த்தம். முத்திரை போட்ட பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

மாமியாரின் தேநீரில் மட்டும் ஒரேயடியாகக் கை வைக்காதீர்கள், வீட்டில் சண்டைதான் மிஞ்சும். வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறையுங்கள். வீட்டுக்காரர் ஆலைக்குக் கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கில் இனி கிரீமர் வேண்டாம். பாலும் தேயிலையும் போதும். கடையில் குடித்தால் 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்கப் பழகட்டும்.

மிச்சமாகும் காசு பசாருக்கு. கெம்போங் மீனை (கானாங்கெளுத்தி) இளப்பமாக நினைக்காதீர்கள். சால்மனுக்காகப் பெருமை பேசுகிற ஒமேகா-3 கொழுப்பு இதிலும் இருக்கிறது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருப்பதைப் பொறுக்கி, மீன்காரரிடமே சுத்தம் செய்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகத் தனித்தனிப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், வேலை முடிந்து களைத்து வரும் நாளில் மீ பாக்கெட்டைத் தேட மாட்டீர்கள். பொரியலைக் குறைத்துப் புளிக்குழம்பாக வையுங்கள். மீன் விலை ஏறிய வாரத்தில் முட்டை, தெம்பே, தவ்கு, பச்சைப்பயறு. காய்கறிக்குக் கங்கோங், பயத்தங்காய், வெண்டைக்காய். முருங்கை வேலியோரம் நிற்கிறதென்றால் அதற்குக் காசே கிடையாது; கீரை ஆய்கிற வேலையை மாமியாரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அவருக்கும் பெருமையாக இருக்கும். மைகார்டில் அரசாங்கத்தின் சாரா உதவித் தொகை வருகிறதென்றால் அரிசியையும் முட்டையையும் அதில் வாங்கிவிட்டு, கைக்காசைப் பசாருக்கு வையுங்கள்.

அரிசியை மாற்றியே ஆக வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழுப்பரிசி நல்லதுதான், ஆனால் தட்டு நிறையப் போட்டால் அதுவும் சீனியை ஏற்றும். சப்பாத்தியும் அப்படித்தான்; நாலு அடுக்கிவிட்டு "நான் சோறு சாப்பிடவில்லை" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்! சுகாதார அமைச்சு சொல்லும் 'சூகூ சூகூ செப்பாரோ' (கால், கால், பாதி) கணக்கே போதும். தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு. பழம் என்றால் கொய்யா, பப்பாளி, ஜூஸ் வேண்டாம். பிள்ளைகளுக்கும் அதே தட்டுதான், தனிச் சமையல் எதற்கு?

ஒன்றே ஒன்று கவனம். மாத்திரை சாப்பிடுகிறவர் சோற்றைக் குறைக்கிறேன் என்று வேளையைத் தவறவிடக் கூடாது. சில மாத்திரைகளால் சீனி மளமளவென்று இறங்கிவிடும்; கை நடுங்கும், வேர்க்கும். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது உணவியல் அதிகாரியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வட்டம் போட்ட அந்த ரசீதையும் கையோடு கொண்டு போங்கள்.