எல் இறுக்குகிறது, எக்ஸ்எல் உரசுகிறது: எந்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குவது?

கேள்வி: எனக்கு 43 வயது. வாரத்தில் மூன்று நாள் காலையில் 30, 40 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். முதலில் வாங்கிய எல் சைஸ் ஷார்ட்ஸ் வயிற்றைப் பிடிக்கிறது, தொடையில் தடம் பதிகிறது. அடுத்து எக்ஸ்எல் வாங்கினேன். இடுப்புக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் 15 கி.மீ. தாண்டியதும் தொடை இடுக்கில் தோல் உரிந்துவிடுகிறது. உள்ளே தைத்திருக்கும் பேட் இன்னும் தடிமனாக உள்ளதை வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. எரிச்சல் கூடத்தான் செய்யும்.

எக்ஸ்எல் போட்டபோது தோல் உரிந்ததற்குக் காரணம், பேட் உங்கள் உடம்போடு ஒட்டி நிற்காமல் தனியாக நகர்ந்ததுதான். நிமிடத்துக்கு 80 முறை பெடலைச் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பேட் நூலளவு நகர்ந்தாலும் வியர்வையில் ஊறிய தோல் எத்தனை நேரம் தாங்கும்? பேட் தடிமனானால் அது மடியவும் சுருளவும் இன்னும் வசதியாகிவிடும்.

பேடை ஒரு மெத்தையாக நினைப்பதிலிருந்துதான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அதில் ஃபோமே கிடையாது. ஷாமோய் என்னும் மலையாட்டின் மெல்லிய தோலைத்தான் ஷார்ட்ஸின் உள்ளே வைத்துத் தைத்தார்கள். தையல் உடம்பில் உரசக் கூடாது, வியர்வை தேங்கக் கூடாது என்பதே நோக்கம். இன்றும் பேடை ‘ஷாமி’ என்று சொல்வது அதன் தொடர்ச்சி. உடம்பின் எடையைத் தாங்க வேண்டியது சீட்டும், புட்டத்தின் அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகளும். பேட் அந்த எலும்புகளுக்கு நேர் கீழே, அசையாமல் இருந்தால் போதும்.

கடையில் பேடின் பின்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் சுலபமாக ஒன்றையொன்று தொட்டுவிட்டால், உங்கள் எடைக்கு அது அரை மணி நேரத்தில் தட்டையாகிவிடும். மெல்லியதாக இருந்தாலும் விரலை எதிர்த்து நிற்கும் அடர்த்தியான ஃபோம் நீண்ட தூரத்துக்கு உழைக்கும்.

போட்டுப் பார்க்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, “இறுக்கமா இருக்கே” என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடுகிறோம். சைக்கிள் ஷார்ட்ஸ் குனிந்து உட்கார்ந்திருக்கும் உடம்புக்காக வெட்டித் தைத்தது. நிற்கும்போது முன்னால் துணி சேரும், பின்னால் பேட் தொங்குவதுபோல் தோன்றும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். முடிந்தால் சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஏறி உட்காருங்கள். இல்லையென்றால் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் குனியுங்கள். அந்த நிலையில் தொடை இடுக்கில் துணியை இரு விரலால் பிடித்து இழுங்கள். பேட் உடம்பை விட்டுத் தனியே வந்தால் ஷார்ட்ஸ் பெரிது. புட்டத்தில் சுருக்கம் விழுந்தாலும் அப்படியே. தையல் இழுபட்டு நூல் பல்லைக் காட்டினால் சிறிது.

இனி உங்கள் வயிற்றுப் பிரச்சினை. அதற்கு என் பரிந்துரை பிப் ஷார்ட்ஸ், அதாவது தோளில் பட்டை மாட்டும் வகை. வயிற்றைச் சுற்றி எலாஸ்டிக் இல்லாததால் இடுப்பளவைப் பற்றிக் கவலைப்படாமல், புட்டத்துக்கும் தொடைக்கும் பொருந்தும் சைஸை எடுக்கலாம். அநேகமாக உங்களுக்கு எல்லே போதும். நிற்கும்போது பட்டை தோளை இழுக்கும், குனிந்ததும் தளரும். நடுவழியில் கழிப்பறைக்குப் போவது சிரமம் என்பது உண்மைதான். அது வேண்டாமென்றால், முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த, அகலமான இடுப்புப் பட்டை உள்ளதைத் தேடுங்கள்.

தொடையில் தடம் பதிவது பெரும்பாலும் ஓரப் பட்டை ஒடுக்கமாக இருப்பதால். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பட்டை இருந்தால் அழுத்தம் பரவிவிடும். பெண்களுக்கான ஷார்ட்ஸில் பேடின் வடிவமே வேறு என்பதால், சைஸ் பொருந்துகிறது என்று ஆண்களுடையதை எடுக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்டாக வேண்டும்: உள்ளே ஜட்டி போடுகிறீர்களா? நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் போட்டிருந்தேன். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் தொடை இடுக்கில் ஜட்டியின் தையல் எப்படிப் போகிறதோ அப்படியே சிவப்புக் கோடு, தண்ணீர் பட்டாலே எரிந்தது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஷார்ட்ஸை நேராக உடம்பில்தான் அணிய வேண்டும். அதனாலேயே ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும், ஈரத்தோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு பக்கம் மட்டும் உரிகிறதென்றால் ஷார்ட்ஸைக் குறை சொல்லும் முன் சீட்டைப் பாருங்கள். சீட் உயரமாக இருந்தால் பெடலை எட்ட இடுப்பு இரு பக்கமும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு எந்த ஷார்ட்ஸும் ஈடுகொடுக்காது.

இப்போது உரிந்திருக்கும் தோல் முழுவதும் ஆறும்வரை ஓட்ட வேண்டாம். கட்டி வந்தாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புதியதை வாங்கியதும் முதலில் 10 கி.மீ. மட்டும் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உட்காரும் எலும்புகளின் இடத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி லேசாகச் சிவந்திருந்தால் கவலையில்லை, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இடுக்கில் கோடாகச் சிவந்திருந்தால் அந்தத் தையல் உங்களுக்கு ஒத்துவரவில்லை. அதே ஷார்ட்ஸில் 40 கி.மீ. போகாதீர்கள்.