ஸ்லைடில் தெரியாத உண்ணிக் காய்ச்சல்

கேள்வி: தேவகோட்டை பக்கம் ஜெர்சி கலப்பினப் பசு இரண்டும் புலிக்குளம் காளை ஒன்றும் வைத்திருந்தேன். போன மாதம் ஒரு பசுவுக்குக் காய்ச்சல் கண்டு, கண் மஞ்சள் பூத்து இறந்துவிட்டது. மூத்திரம் சிவக்கவில்லை. ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது அடுத்த பசுவும் தீனி எடுக்கவில்லை. டாக்டர் பிசிஆர் என்கிற மரபணுப் பரிசோதனை பார்க்கலாம் என்கிறார். அவசியமா?

பதில்: அவசியம்தான் ஐயா. ஆனால் முடிவு வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ரத்தம், அடுத்த நிமிடமே ஊசி. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்கிற கிருமிக்கொல்லி ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்தால், இருக்கிற கிருமியும் பரிசோதனையில் சிக்காமல் போகலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அனாபிளாஸ்மா என்கிற பாக்டீரியா மேல்தான் சந்தேகம். பபேசியா என்கிற வேறு கிருமி என்றால் மூத்திரம் காபி நிறத்தில் போகும். தைலேரியா என்கிற இன்னொரு கிருமி என்றால் தோள்பக்கம் நெறி கட்டும். அனாபிளாஸ்மாவில் ரத்த அணுக்கள் மண்ணீரலில் அழிவதால் காமாலை வரும், மூத்திரம் சிவக்காது. ஆனாலும் மூன்றையும் பரப்புவது உண்ணிதான். ஒரே மாட்டில் இரண்டு சேர்ந்தும் இருக்கும். அதனால் அறிகுறியை மட்டும் நம்ப முடியாது.

ஸ்லைடில் இந்தக் கிருமி சிவப்பணுவின் ஓரத்தில் ஒரு சின்ன ஊதாப் புள்ளி, அவ்வளவுதான். ஆயிரம் அணுவில் ஒன்றிலாவது இருந்தால்தான் கண்ணில் படும். சாயத் துகளும் அதே மாதிரி தெரிந்து குழப்பும். பிசிஆர் கிருமியின் மரபணுத் துண்டைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். உண்ணி கடித்துக் காய்ச்சல் தெரியவே பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம் ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கழுத்து நரம்பில் எடுத்த ரத்தம் ஊதா மூடிக் குழாயில் போக வேண்டும். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்கப் போட்டிருக்கும் ஹெப்பாரின் மருந்து பிசிஆரைக் கெடுக்கும். குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, காதுத்தோடு எண்ணை எழுதி ஒட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்கலாம், ஆனால் ரத்தம் ஐஸ் போல உறைந்துவிடக் கூடாது. காது நுனி ரத்தத்தில் ஒரு ஸ்லைடும் சேர்த்தே போகட்டும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ இந்தப் பரிசோதனை செய்து தர முடியுமா என்று உங்கள் டாக்டர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

பசுவை ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். ரத்தம் குன்றிய மாடு நடக்கிற நடையிலேயே விழுந்து செத்துப்போவதுண்டு. 1962-க்குப் போன் போட்டு வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் டாக்டர் சொல்லும் நாள்வரை பாலை விற்கவோ குடிக்கவோ வேண்டாம்.

காளைக்கும் பிசிஆர் பாருங்கள். நாட்டு மாடு உண்ணியைத் தாங்கும். ஆனால் நோய் காட்டாமலே ரத்தத்தில் கிருமியைச் சுமக்கும். காளைக்குப் 'பாசிட்டிவ்' வந்தால் பயந்து விற்றுவிடாதீர்கள். கிருமி இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், இன்றைக்கு நோய் என்று இல்லை. கொட்டிலில் தள்ளிக் கட்டுங்கள். ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை அடுத்ததற்குத் தொடாதீர்கள், இது உண்ணி இல்லாமலே நோயைக் கடத்தும். உண்ணி மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாட்டுக்கும், அதே நாளில் சுவர் வெடிப்புகளுக்கும் அடியுங்கள்.